இருபத்து நாலாம் கேள்வி

பதினைந்து நாள் வேலை.
ஒரு தோள்பை, கழுத்தில் என் படம் தொங்கும் அட்டை,
நீல மையில்தான் எழுத வேண்டும் என்ற கண்டிப்பு.
அக்டோபர். துஸ்லா நகரத்தின் மேல்
துவைக்காத போர்வையாய் நிலக்கரிப் புகை.
லிஃப்ட் ஓடாத கட்டடம்.
மாடிக்கு மாடி சுட்ட மிளகாய் வாசனை,
குளிர்காலத்துக்குப் புட்டியில் அடைக்கிறார்கள்.

கழிப்பறை வீட்டுக்குள்ளா வெளியிலா,
அடுப்புக்கு விறகா கரியா
என்பது வரைக்கும் எல்லாரும் நல்லவர்கள்.
இருபத்து நாலில்
நாற்காலி கிரீச்சிடும்.

மூன்று பெயர்கள் அச்சிலேயே இருக்கின்றன:
பொஸ்னியாக், குரோவாத்தியர், செர்பியர்.
அதற்குக் கீழே ஒரு வெறும் கோடு.
கோட்டில் எதை எழுதினாலும்
எண்ணும்போது அதற்கு ஒரே பெயர்:
மற்றவர்.

மூன்றாம் மாடி.
ஷெஃபிகா நான் கேட்காமலே காப்பி ஊற்றினாள்.
திஹோமிர் வானொலியை அணைத்துவிட்டு
சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்,
சாட்சி சொல்ல வந்தவர் போல.

"போன தடவை யூகோஸ்லாவியர் என்று எழுதினேன்," என்றாள்.
"எண்ணி முடிக்கும் முன்னே நாடு தீர்ந்துபோனது.
என் கை ராசி அப்படி.
இந்தத் தடவை அவர் சொல்லட்டும்."

"பொஸ்னியர் என்று போடு, இரண்டு பேருக்கும்."
"பொஸ்னியாக்கா?"
"இல்லை பெண்ணே. அந்தக் கடைசி 'க்' வேண்டாம்.
அது இவளுக்குப் பிறப்போடு வந்தது,
எனக்கு வரவில்லை.
அந்த ஒரு புள்ளிக்காக
என் தம்பி எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்து
இருபது வருஷம் ஆகிறது."

எழுதினேன். விதிப்படி வாசித்தும் காட்டினேன்:
இது மற்றவரில் சேரும்.
ஷெஃபிகா கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.
"நாற்பத்தொரு வருஷமாய் இந்த வீட்டில் இருக்கிறேன்,
அந்தச் சன்னலுக்குத் திரை தைத்தது நான்.
மற்றவர் யாரம்மா,
நானா, செருப்போடு உள்ளே வந்த நீயா?"

பார்த்தேன். செருப்போடுதான் இருந்தேன்.

ஐந்தாம் மாடியில் பெசிம்,
உப்பாலையில் ஓய்வு பெற்றவர்.
"உப்பு என்று எழுது."
"அப்படி ஓர் இனம் இல்லை, ஐயா."
"ஊர்ப் பெயரே அதுதானே?
அடியிலிருந்து உப்புநீரை உறிஞ்சி உறிஞ்சி
ஊரையே கீழே இறக்கினோம்.
அப்பா கட்டிய வீட்டில் தரையில் பந்து வைத்தால்
வடமேற்கு மூலைக்கு உருளும்.
மேலே எந்தக் கொடி பறந்தாலும் அதே மூலைதான்.
தின்ற உப்புக்கு விசுவாசமாய் இரு என்று
ஆளாளுக்கு வந்து சொன்னார்கள்.
யாருடைய உப்பு?
எடுத்தது நான்."

கோட்டில் எழுதினேன். உப்பு.
மேற்பார்வையாளர் ஸ்லாவென்கா தொலைபேசியில்
நீளமாய் ஒரு மூச்சு விட்டாள்.
"கிண்டலுக்கும் எண் இருக்கிறது, போட்டுவிடு.
கோபத்துக்கும் அதே எண்தான்."

இறங்கும்போது இருட்டு.
தபால் பெட்டி வரிசையில் மூன்றாம் மாடிக்கு
இரண்டு குடும்பப் பெயர்கள், நடுவே இணைப்புக்கோடு.
யாரோ சாவியால் ஒன்றைச் சுரண்டியிருந்தார்கள்.
யாரோ அதன்மேல் மறுபடி எழுதியிருந்தார்கள்,
திரை தைத்த கையாக இருக்கும்,
எழுத்தெல்லாம் தையல் போல நெருக்கம்.

வீட்டில் அம்மா எங்கள் படிவத்தை
எனக்கு முன்பே முடித்து வைத்திருந்தாள்.
லின்ஸில் ஆறு வருஷமாய் ஓடு பதிக்கும் நெர்மினையும்
இங்கே வசிப்பவனாய்ப் போட்டிருந்தாள்.
"சட்டப்படி அவனைச் சேர்க்கக் கூடாது, அம்மா."
"அவன் பல்துலக்கி இங்கேதானே இருக்கிறது?"

இருபத்து நாலில் எல்லாருக்கும்
ஒரே கட்டம், ஒரே அழுத்தம்.
எனக்கும் போட்டிருந்தாள்,
சின்ன வயதில் குல்லாய் மாட்டிவிடுவாளே,
காது மடங்குகிறதா என்று பாராமல், அப்படி.

திருத்தலாம்.
பை தோளில் இருந்தது. பேனாவில் மையும் இருந்தது.
என்னவென்று திருத்துவது என்று நான் நிற்க,
"மிளகாய் அடிப்பிடிக்குது, கிளறு," என்றாள்.

கிளறினேன்.